நன்மை செய்யும் பூச்சிகள் வந்தும் பலன் இல்லையா? அறிகுறி பார்த்துக் குறை நீக்கும் வழிமுறை

மருந்து தெளிப்பதை நிறுத்திவிட்டு, பூச்செடிகளையும் நட்டு வைத்துவிட்டால், பொறிவண்டும் குளவியும் வந்து, தளிரில் கூட்டமாக ஒட்டிச் சாறு உறிஞ்சும் அசுவினியையும் புழுவையும் தின்று தீர்த்துவிடும் என்று நம்பித் தொடங்குபவர்கள் பலர். மூன்று வாரம் கழித்துத் தளிர்கள் சுருண்டே கிடப்பதைப் பார்த்ததும், இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று சலித்துக்கொண்டு மறுபடியும் தெளிப்பானைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். நான் பார்த்தவரையில், அவர்களில் பெரும்பாலானோரின் தோட்டத்தில் நன்மை செய்யும் பூச்சிகள் ஏற்கெனவே வந்திருந்தன. அவற்றை யாரும் அடையாளம் காணவில்லை, அல்லது அவை பெருகுவதற்குள் அவற்றின் உணவை நாமே துடைத்தெறிந்துவிட்டோம். இரை இல்லாத செடியில் பொறிவண்டு முட்டையிடாது என்ற ஒன்றை ஏற்றுக்கொள்ளாமல் இந்த முறையில் இறங்குவது வீண். கொஞ்சம் அசுவினி தோட்டத்தில் இருந்துகொண்டுதான் இருக்கும், இருக்கவும் வேண்டும்.

கீழே உள்ள அறிகுறிகளில் உங்கள் செடிக்குப் பொருந்துவதைத் தேடுவதற்கு முன், ஒரு சோதனையை மட்டும் அனைவரும் செய்துவிடுங்கள்.

முதல் சோதனை: இலையைத் திருப்பிப் பாருங்கள்

காலையில், வெயில் ஏறுவதற்கு முன், பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒரு சிறிய லென்ஸுடனும் ஒரு வெள்ளைத் தாளுடனும் செடியருகே உட்காருங்கள். ஐந்து தளிர்களையும் ஐந்து முதிர்ந்த இலைகளையும் திருப்பி, அடிப்பக்கத்தைப் பாருங்கள். பிறகு ஒரு கிளையின் கீழே தாளைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை தட்டினால், இலைப்பேன், செம்பேன், சிறு சிலந்தி எல்லாம் தாளில் விழுந்து ஊரும்.

தேட வேண்டியவை இவை. அசுவினிக் கூட்டத்துக்கு அருகில், அரிசிமணிகளை நெருக்கமாக நட்டு நிறுத்தியது போல மஞ்சள் நிற முட்டைகள் கொத்தாக இருந்தால் அவை பொறிவண்டின் முட்டைகள். மயிரிழை போன்ற காம்பின் நுனியில் ஒரு சிறு முட்டை, இலையில் குத்தி நிறுத்திய குண்டூசி போல நின்றால் அது பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியினுடையது. அதன் புழுக்கள் ஒன்றையொன்று தின்றுவிடக் கூடியவை. முட்டை காம்பின் மேல் நிற்பது அந்தப் புழுக்களுக்கும் எறும்புக்கும் எட்டாமல் இருக்கத்தான். கால் இல்லாத, பச்சையும் பழுப்புமாக வழவழவென்று இருக்கும், தலைப்பக்கம் கூர்ந்த ஒரு புழு அசுவினிகளுக்கு நடுவே தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தால், அது பூவின் மேல் அந்தரத்தில் நின்று பறக்கும் சிர்பிட் ஈயின் புழு. புழு கண்ணில் படாவிட்டாலும், இலையில் அது விட்டுச் சென்ற தார் போன்ற கரும்புள்ளி காட்டிக்கொடுத்துவிடும். உப்பிப்போய், வெண்கல நிறத்தில், அசையாமல் ஒட்டியிருக்கும் அசுவினிகள் செத்தவை. அவற்றுக்குள் ஒட்டுண்ணிக் குளவி வளர்கிறது. முதுகில் வட்டமாக ஓட்டை விழுந்திருந்தால் குளவி வெளியேறிவிட்டது.

எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு, மூன்று நான்கு நாட்கள் கழித்து அதே கிளைகளில் மறுபடியும் எண்ணுங்கள். ஒரு நாள் எண்ணிக்கையை வைத்துக்கொண்டு எதையும் தீர்மானிக்க முடியாது. ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் நமக்கு வேண்டும்.

அறிகுறி: பூக்கள் நிறைய இருக்கின்றன, தேனீக்களும் வருகின்றன, அசுவினி மட்டும் குறையவில்லை

முதலில் பூக்களின் வடிவத்தைப் பாருங்கள். தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் நீண்ட உறிஞ்சுகுழல் உண்டு. நமக்கு வேண்டிய ஒட்டுண்ணிக் குளவிகளுக்கும் சிர்பிட் ஈக்களுக்கும் வாயுறுப்பு மிகக் குட்டையானது. குழல் போல ஆழமான பூக்களிலும், இதழ் மேல் இதழாக அடுக்கி வளர்க்கப்பட்ட அலங்கார இரகங்களிலும் அவற்றுக்குத் தேன் எட்டாது. பார்வைக்கு அழகாக இருக்கும் அடுக்குச் செண்டுமல்லி இவற்றுக்குப் பூட்டிய கடைதான். இதற்கு மாறாக, குடை விரித்தது போலச் சிறுசிறு பூக்களைத் திறந்து வைக்கும் கொத்தமல்லி, சோம்பு, சதகுப்பை, பூக்கவிட்ட கேரட் ஆகியவற்றில் தேனும் மகரந்தமும் மேலாகவே கிடைக்கின்றன. பறிக்கத் தவறிய கடுகையும் முள்ளங்கியையும் பிடுங்கி எறியாமல் பூக்கவிடுவதும் நல்லது. தட்டைப்பயறு, ஆமணக்கு, பருத்தி போன்றவை பூவுக்கு வெளியிலும், காம்பிலோ இலையிலோ உள்ள சுரப்பிகளில் தேன் சுரப்பவை என்பதால் பூ இல்லாத நாட்களிலும் குளவிகளுக்கு உணவளிக்கின்றன.

வடிவம் சரியாக இருந்தால் அடுத்துக் காலத்தைப் பாருங்கள். வெப்பமான பருவத்தில் கொத்தமல்லி விதைத்த 6 முதல் 8 வாரங்களில் பூத்து, சில வாரங்களில் விதையாகிவிடும். எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைத்தால் எல்லாம் ஒரே நாளில் முடிந்தும் போகும். மூன்று வாரங்களுக்கு ஒரு முறை ஒரு பிடி விதை தூவிக்கொண்டே இருப்பவர்களின் தோட்டத்தில்தான் இடைவெளி விழாது. இடமும் முக்கியம்: பூச்செடிகளை வேலியோரம் ஒரு மூலையில் ஒதுக்கிவிட்டு, காய்கறிப் பாத்தியை மறு மூலையில் வைப்பது பரவலாகக் காணப்படும் தவறு. மிகச் சிறிய குளவிகள் நெடுந்தொலைவு பறப்பவை அல்ல. நான்கு வரிசைக் காய்கறிக்கு நடுவே ஒரு வரிசைப் பூ என்று கலந்து நடுவதே பலன் தரும்.

இவை அனைத்தும் சரியாக இருந்தால், உங்களுக்கு வேண்டியது பொறுமை மட்டும்தான். அதற்குக் கணக்கும் உண்டு. அசுவினியின் பெண் பூச்சி ஆண் துணையின்றியே உயிருள்ள குஞ்சுகளை ஈனும். வெப்பமான நாட்களில் அந்தக் குஞ்சு ஏறத்தாழ ஒரு வாரத்தில் தானும் ஈனத் தொடங்கிவிடும். பொறிவண்டு முட்டையிலிருந்து வண்டாவதற்கு மூன்று நான்கு வாரங்கள் ஆகின்றன. எனவே முதல் இரண்டு வாரம் அசுவினி முந்திக்கொள்வது இயல்பு. அந்த இடைவெளியில் மருந்தடிக்காமல், மிக மோசமான தளிர்களை மட்டும் கிள்ளிவிட்டு, மற்றவற்றின் மேல் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி உதிர்த்துவிடுங்கள். முட்டைக் கொத்து உள்ள இலைகளைத் தொடாதீர்கள்.

இன்னொன்றையும் சரிபார்க்க வேண்டும். தளிர் அளவுக்கு மீறிக் கரும்பச்சையாய், சதைப்பற்றோடு, நீண்டு வளர்கிறது என்றால் தழைச்சத்து கூடிவிட்டது என்று பொருள். அத்தகைய தளிரில் அசுவினி பெருகும் வேகத்துக்கு எந்தப் பொறிவண்டும் ஈடுகொடுக்க முடியாது. உரத்தைக் குறைக்காமல் பூச்செடியை மட்டும் கூட்டிப் பயனில்லை.

அறிகுறி: அசுவினி உள்ள தண்டில் எறும்புகள் வரிசையாக ஏறி இறங்குகின்றன

அசுவினியும் மாவுப்பூச்சியும் செடியின் சாற்றை உறிஞ்சி, மிஞ்சிய இனிப்பைப் பிசுபிசுப்பாக வெளியேற்றுகின்றன. அதற்காகவே எறும்புகள் அவற்றைக் காவல் காத்து, பொறிவண்டின் முட்டைகளைத் தூக்கிச் சென்று, முட்டையிட வரும் குளவிகளை விரட்டிவிடுகின்றன. கீழ் இலைகளில் கரி பூசியது போன்ற கரும்பூசணம் படர்ந்திருந்தால், அதே இனிப்பின் மேல் வளர்ந்ததுதான் அது.

எறும்பின் வழியை அடைத்தால் பாதி வேலை முடிந்தது. தண்டைச் சுற்றி ஒரு துணியோ காகிதப் பட்டையோ கட்டி, அதன் மேல் ஒட்டும் பசையைப் பூசுங்கள். பசையை நேரடியாகத் தண்டின் மேல் பூசினால் இளந்தண்டு வெந்துவிடும். தொட்டிச் செடியானால், தண்ணீர் நிரப்பிய அகலத் தட்டில் ஒரு கல்லை வைத்து அதன் மேல் தொட்டியை நிறுத்தினாலே போதும். பக்கத்துச் செடியின் இலையோ, முட்டுக் கொடுத்த குச்சியோ, கொடி கட்டிய கயிறோ ஒன்று தொட்டுக்கொண்டிருந்தாலும் எறும்பு அந்தப் பாலத்தைக் கண்டுபிடித்துவிடும் என்பதால், அவற்றையும் ஒருமுறை சுற்றிப் பார்த்து வெட்டிவிட வேண்டும். எறும்பு நின்ற ஒன்றிரண்டு வாரத்தில் வெண்கல நிற அசுவினிகள் தென்படத் தொடங்குவதை நீங்களே காணலாம்.

அறிகுறி: அசுவினிகளுக்கு நடுவே விகாரமான, கறுத்த, முள்முள்ளான புழுக்கள் ஊர்கின்றன

ஆறு கால்களுடன், குட்டி முதலையைப் போல நீண்டு, கறுப்பு உடலில் ஆரஞ்சுப் புள்ளிகளுடன் ஓடித் திரியும் இவை பொறிவண்டின் புழுப்பருவம். வண்டை எல்லோருக்கும் தெரியும், பிள்ளையை யாருக்கும் தெரியாது. தோட்டம் போடத் தொடங்கிய முதல் ஆண்டில், அவரைக்கொடியில் இப்படிப்பட்ட புழுக்களைக் கண்டு, அசுவினியைவிட இவைதான் ஆபத்து என்று எண்ணி, ஒவ்வொன்றாகத் தேடி நசுக்கிவிட்டுத் திருப்தியோடு உள்ளே போனவன் நான். ஒரு புழு வண்டாவதற்குள் நூற்றுக்கணக்கான அசுவினிகளைத் தின்னும் என்பது பிறகுதான் தெரிந்தது.

கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழுவும் இப்படியே ஏமாற்றும். தின்று போட்ட அசுவினித் தோல்களையும் தூசியையும் முதுகில் சுமந்து திரியும் சில இனங்களைப் பார்த்தால், குப்பைத் துணுக்கு ஒன்று தானாக நடந்து செல்வது போலிருக்கும். நடக்கும் குப்பையை நடக்க விடுங்கள்.

அறிகுறி: மாவுப்பூச்சிக்கு நடுவே பெரிய வெள்ளைப் பஞ்சுப் புழுக்கள் இருக்கின்றன

மாவுப்பூச்சி முற்றிவிட்டது என்று எண்ணிப் பலர் இங்கே தெளித்துவிடுகிறார்கள். கிரிப்டோலேமஸ் என்னும் பொறிவண்டின் புழு, தான் தின்னும் மாவுப்பூச்சியைப் போலவே வெள்ளை மெழுகு இழைகளைப் போர்த்திக்கொள்கிறது. ஒரு குச்சியால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். மாவுப்பூச்சி சில மில்லிமீட்டர் நீளமே இருக்கும். சோம்பலாக அசையும் அல்லது அசையவே அசையாது. பொறிவண்டுப் புழு ஒரு சென்டிமீட்டரைத் தாண்டும், இழைகள் நீண்டு கலைந்திருக்கும், தொட்டதும் விறுவிறுவென்று நடந்துவிடும். மாவுப்பூச்சியின் முட்டைப் பைகளில்தான் இந்த வண்டு முட்டையிடும் என்பதால், வண்டு தென்படும் செடியில் பைகள் எல்லாவற்றையும் துடைத்து எடுத்துவிடுவதும் தவறாகிவிடும்.

அறிகுறி: பொறிவண்டு நிறைய இருக்கிறது, ஆனால் கத்தரி இலைகள் சல்லடையாகின்றன

இங்கே நீங்கள் வரவேற்றிருப்பது நண்பனை அல்ல. பொறிவண்டுக் குடும்பத்திலேயே இலையைத் தின்னும் எபிலாக்னா வண்டு ஒன்று உண்டு. கத்தரி, பாகல், பூசணி வகைகளில் அது வரும். மேற்பரப்பை லென்ஸில் பார்த்தால் வேறுபாடு உடனே தெரியும்: இரையுண்ணும் பொறிவண்டின் முதுகு பெரும்பாலும் வார்னிஷ் பூசியது போல மின்னும்; எபிலாக்னாவின் முதுகில் நுண்ணிய மயிர்கள் அடர்ந்து, செம்பு நிறத்தில் மங்கலாக இருக்கும், 12 அல்லது 28 கரும்புள்ளிகள் காணப்படும். அதன் புழு மஞ்சள் நிறம். உடலெங்கும் கிளைத்த முட்கள். அது நரம்புகளை விட்டுவிட்டு இடையிலுள்ள பச்சையைச் சுரண்டித் தின்பதால் இலை சல்லாத் துணி போலாகிறது. அசுவினியே இல்லாத இலையில் மஞ்சள் முட்டைக் கொத்து இருந்தால் சந்தேகப்படுங்கள்.

காலையில் வண்டுகள் மந்தமாக இருக்கும்போது கையால் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுவதே இதற்குச் சிறந்த வழி. பழுப்பேறி விறைத்து இலையில் ஒட்டிய முட்புழுக்களை மட்டும் விட்டுவிடுங்கள். பெடியோபியஸ் என்னும் சிறு குளவிகள் அவற்றுக்குள் வளர்ந்துகொண்டிருக்கலாம்.

அறிகுறி: மருந்து தெளித்த பிறகு பூச்சி முன்பைவிட அதிகமாகிவிட்டது

இது தற்செயல் அல்ல. நூற்றாண்டுக்கும் மேலான ஒரு பாடம் இதற்கு உண்டு. கலிபோர்னியாவின் ஆரஞ்சு, எலுமிச்சைத் தோப்புகளை ஒருவகைப் பஞ்சுச் செதில்பூச்சி அழித்துக்கொண்டிருந்தபோது, 1888இல் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்ட பூச்சியியலாளர் ஆல்பர்ட் கோபெலே, வெடாலியா என்னும் சிறு பொறிவண்டைக் கண்டு அனுப்பினார். சில நூறு வண்டுகளிலிருந்து பெருகி, ஓரிரு ஆண்டுகளில் அது செதில்பூச்சியை அடக்கிவிட்டது. 1940களில் டிடிடி என்னும் பூச்சிக்கொல்லி வந்து அதே தோப்புகளில் தெளிக்கப்பட்டதும் வெடாலியா மடிந்தது, செதில்பூச்சி திரும்பி வந்தது.

காரணம் எளியது. இரையைத் தேடி இலையெங்கும் அலையும் பூச்சியின் காலிலும் வாயிலும் நஞ்சு அதிகம் படுகிறது. ஒரே இடத்தில் உட்கார்ந்து சாறு உறிஞ்சுவதோ இலையின் அடியில் ஒளிந்து தப்பிவிடுகிறது. மிஞ்சிய சில அசுவினிகள் உடனே பெருகத் தொடங்கும். வேட்டையாடிகள் வேறிடத்திலிருந்து வந்து சேர வாரங்கள் ஆகும். பைரித்ராய்டு வகை மருந்துகளின் எச்சம் இலையில் நாள்கணக்கில், சில வேளைகளில் வாரக்கணக்கில்கூட, நன்மை செய்யும் பூச்சிகளைக் கொல்லும். தெளித்த பின் இலைகளில் வெளிறிய ஊசிப்புள்ளிகளும் மெல்லிய வலையும் தோன்றினால் அது செம்பேன். அது பூச்சி அல்ல, சிலந்தி இனத்தைச் சேர்ந்தது; பல பூச்சிக்கொல்லிகள் அதை விட்டுவிட்டு, அதைத் தின்னும் இரைப்பேன்களையும், ஸ்டெத்தோரஸ் என்னும் கடுகளவு கருவண்டையும் கொன்றுவிடுகின்றன.

செய்ய வேண்டியது: தெளிப்பதை அடியோடு நிறுத்துங்கள். செம்பேன் வறட்சியையும் தூசியையும் விரும்புவது. எனவே இலைகளின் அடிப்பக்கம் நனையும்படி காலையில் தண்ணீர் தெளித்துத் தூசியைக் கழுவுங்கள், மூடாக்கு இட்டு மண்ணின் ஈரத்தைக் காத்துக்கொள்ளுங்கள். புதிதாக வாங்கி நட்ட நாற்றில் மட்டும் எதுவும் தங்கவில்லை என்றால், வளர்த்த இடத்திலேயே நியோநிகோடினாய்டு வகை மருந்து கொடுக்கப்பட்டிருக்கலாம்; அது செடிக்குள் பரவிப் பூந்தேனிலும் மகரந்தத்திலும் கலந்துவிடக்கூடியது. நன்மை செய்யும் பூச்சிகளுக்கான பூச்செடிகளை விதையிலிருந்து நாமே வளர்ப்பது நல்லது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் இயற்கையானவை என்பதால் கண்மூடித் தெளிக்கலாம் என்ற எண்ணமும் சரியன்று. சோப்புக் கரைசல் ஈரமாக இருக்கும்வரை, மேலே பட்ட எந்த மென்மையான உடலையும் கொல்லும். சிர்பிட் புழுவும் பொறிவண்டுப் புழுவும் அதில் அடக்கம். காய்ந்த பின் தீங்கு இல்லை என்பதுதான் அதன் நன்மை. ஆகவே மாலையில், பூக்களைத் தவிர்த்து, பாதிக்கப்பட்ட தளிரில் மட்டும் படும்படி அடிக்க வேண்டும்.

அறிகுறி: வாங்கி விட்ட பூச்சிகள் மறுநாளே காணவில்லை

வளர்ந்த பொறிவண்டுகளைப் பகலில் திறந்துவிட்டால் அவை பறந்துபோவது இயல்பு. இருட்டும் வேளையில், நனைத்த செடியில், அசுவினி உள்ள இடத்திலேயே விட வேண்டும். அப்போதும் ஒரு பகுதிதான் தங்கும். பறக்க முடியாத புழுக்களாக வாங்குவது மேல். டிரைக்கோகிரம்மா முட்டை அட்டை (அந்தக் குளவி வளரும் முட்டைகளை ஒட்டிய அட்டை) வாங்கியிருந்தால், அது ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய குளவி என்பதையும், அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சி போன்றவற்றின் முட்டைக்குள் மட்டுமே தன் முட்டையை இடும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. புழு பெரிதாகி இலையைத் தின்னத் தொடங்கிய பிறகு அட்டை கட்டிப் பயனில்லை. அட்டையை இலையின் நிழல்பக்கத்தில், எறும்பு எட்டாதபடி கட்டுங்கள்.

அறிகுறி: புழுக்கள் இலையைத் தின்கின்றன, அவற்றின் மேல் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கிறது

பச்சைப்புழுவின் முதுகிலோ பக்கத்திலோ அரிசி போன்ற வெண்கூடுகள் இருந்தால், அந்தப் புழுவின் கதை முடிந்தது. உள்ளிருந்து தின்று வளர்ந்த குளவிப் புழுக்கள் வெளியே வந்து கூடு கட்டியிருக்கின்றன. அதை நசுக்கினால் அடுத்த தலைமுறைக் குளவிகளைத்தான் நசுக்குகிறீர்கள்.

கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று நம் முன்னோர் சொன்னதற்குப் பின்னால் இருப்பதும் இத்தகைய காட்சிதான். மண்கூடு கட்டும் குளவி, புழுவைக் கொட்டி அசைவற்றதாக்கி, கூட்டில் தன் முட்டையுடன் சேர்த்து அடைத்து மூடிவிடும். பிறகு அந்தக் கூட்டிலிருந்து குளவி வெளிவருவதைக் கண்டவர்கள் புழுவே மாறிவிட்டதாக எண்ணினார்கள். சிறு பானை வடிவில் கூடு கட்டுபவை புழுக்களை அடைப்பவை; நீண்ட மெல்லிடையோடு, சுவரில் பெரிய மண்கட்டியாகக் கட்டுபவை பெரும்பாலும் சிலந்திகளை அடைப்பவை. முன்னதை உறுதியாக விட்டுவைக்கலாம். பின்னதால் பயிருக்கு ஆதாயம் குறைவு.

கும்பிடுபூச்சியைப் பற்றியும் கேட்பார்கள். அது தேனீயையும் சிர்பிட் ஈயையும் பொறிவண்டையும்கூடப் பிடித்துத் தின்னும். இருந்தால் இருக்கட்டும், காசு கொடுத்து வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

அறிகுறி: தளிர் வாடித் தொங்குகிறது, காயில் ஓட்டை இருக்கிறது

தண்டுக்கும் காய்க்கும் உள்ளே இருக்கும் துளைப்பானைப் பொறிவண்டு எட்டிப் பிடிக்காது. வாடிய நுனியை ஓட்டைக்குக் கீழே வெட்டி, புழுவோடு அழித்துவிடுங்கள். தாக்கிய காய்களைச் செடியடியில் போடாதீர்கள்.

அறிகுறி: எல்லாம் செய்தும் எதுவுமே வரவில்லை

உயரமான, காற்று வீசும் இடத்திலுள்ள தொட்டித் தோட்டங்களில் இது நிகழும். காற்றைத் தடுக்கும் அடர்ந்த செடிகளை ஓரமாக வையுங்கள். கூழாங்கல் போட்ட ஆழமற்ற தட்டில் தண்ணீர் வைத்து, கொசு முட்டையிடாதபடி இரண்டு நாட்களுக்கு ஒரு முறை மாற்றுங்கள். உதிர்ந்த இலைகளை முழுவதும் கூட்டிவிடாமல் ஒரு மூலையில் விட்டால் தரைவண்டும் சிலந்தியும் பகலில் ஒதுங்கும். இரவு முழுவதும் எரியும் விளக்கு இருந்தால் அணைத்துவிடுங்கள்.

நான்கிலைப் பருவத்து நாற்றுகளுக்கு இந்தப் பொறுமை பொருந்தாது; அவற்றை வலை போட்டு மூடுவதே சரி. வளர்ந்த செடியில் இரண்டாம் எண்ணிக்கையிலும் அசுவினி ஏறிக்கொண்டே போய், முட்டையோ புழுவோ வெண்கல நிற அசுவினியோ ஒன்றுகூடத் தென்படாவிட்டால், அந்தச் செடிக்கு மட்டும் மாலையில் சோப்புக் கரைசல் அடிக்கலாம். அடிக்கும் முன் ஒவ்வொரு தளிரையும் கடைசியாக ஒருமுறை திருப்பிப் பாருங்கள். ஒரே ஒரு பொறிவண்டுப் புழு இருந்தாலும், அந்த இலையைக் கிள்ளி, அசுவினி உள்ள வேறொரு செடியின் கிளைக்கவட்டில் செருகிவிட்டுப் பிறகு தெளிப்பானை எடுங்கள்.